துவைக்கும் முறை, ஒரே வரியில்

“சார், அதைத் தொடாதீங்க. நானே கையால அழிச்சுடறேன். பத்து நிமிஷ வேலை,” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“பத்து நிமிஷமா?” ஒருவரியார் சுழல் நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றார். “ஒரே வரி. நீங்க ஒரு கொட்டாவி விட்டு முடிக்கறதுக்குள்ள ஆயிடும்.”

விஷயம் சின்னதுதான். புது வாஷிங் மெஷினின் கையேட்டை மெஷின் கம்பெனி சரிபார்த்துத் திருப்பி அனுப்பியிருந்தது. வந்த வழியில் என்ன நடந்ததோ, ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் இரண்டு வெற்று வரிகள் முளைத்திருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, நான்கு மணிக்குள் கையேட்டை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.

வீட்டுச் சாமான்களுக்குக் கையேடு எழுதித் தரும் அலுவலகம் அது. பெட்டியைப் பிரித்ததும் யாரும் படிக்காமல் மேஜை இழுப்பறையில் போட்டுவிடுகிற சின்னப் புத்தகம் இருக்கிறதே, அதையும் யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்? மொழிபெயர்ப்பாளர் என்கிற அந்தப் பெண் எழுதுவார், படக்காரர் அம்புக்குறி போட்டுப் படம் வரைவார், ஒருவரியார் இரண்டையும் சேர்த்து ஒழுங்குபடுத்துவார். ஒழுங்குபடுத்துவது என்பது அவரே வைத்துக்கொண்ட பெயர். மற்றவர்கள் அதை வேறு பெயரில் சொல்வார்கள், ஆனால் அவர் முன்னால் சொல்ல மாட்டார்கள்.

பெர்ல் என்று ஒரு கணினி மொழி. அதில் பெரிய பெரிய வேலைகளை ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று பல வருடங்களுக்கு முன் அவர் எங்கோ படித்தார். அன்றிலிருந்து இரண்டு வரி எழுதுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பரிதாபமாக இருக்கும். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஒருவரியார்தான். அதைப் பட்டம் என்றே எடுத்துக்கொண்டார்.

அந்த அலுவலகத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டையோடு ஒரு பென் டிரைவும் தொங்கும். ஒருவரியார் கழுத்தில் மட்டும் தொங்காது. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் அலங்காரம் போலிருக்கிறது என்று அவர் விட்டுவிட்டார்.

“சரி சார், நீங்களே செய்ங்க,” என்றார் மொழிபெயர்ப்பாளர். சொல்லிக்கொண்டே தன் பென் டிரைவை ஒருவரியாரின் கம்ப்யூட்டரில் ஒரு நிமிடம் சொருகி எடுத்துக்கொண்டு போனார். ஏன் என்று ஒருவரியார் கேட்கவில்லை. அவருக்கு அன்று மனசு வேறு இடத்தில் இருந்தது.

பிரிவுத் தலைவர் பதவி போன மாதம் காலியானது. தலைவருக்குத் தனி அறை உண்டு, அறைக்குக் கதவு உண்டு, கதவில் பெயர்ப் பலகை உண்டு. யாரைப் போடலாம் என்று மேனேஜர் அம்மா எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டிருந்தார். முடிவை இன்று நான்கு மணிக்குச் சொல்லப்போகிறார்.

“எல்லாரும் உங்க பேரைத்தான் சார் சொன்னோம்,” என்று படக்காரர் காலையிலேயே காதில் போட்டிருந்தார். “ஒருத்தர்கூட பாக்கியில்லை. வாட்ச்மேன்கூட.”

ஒருவரியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறார். தன்மேல் இவர்களுக்கு இவ்வளவு அன்பு என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

வரும் வழியில் அந்த அறையையும் எட்டிப் பார்த்திருந்தார். உள்ளே எலக்ட்ரீஷியன் ஒருவர் ஏணி போட்டுக்கொண்டிருந்தார்.

“புதுத் தலைவருக்கா?”

“ஆமா சார். இன்னிக்கே முடிச்சுடணும்னு ஒரே அவசரப்படுத்தறாங்க.”

“பிளக் பாயின்ட் எத்தனை?”

“மூணு சார்.”

மூன்று! ஒருவரியார் அதற்கும் கொஞ்சம் கண் கலங்கிக்கொண்டார்.

மொழிபெயர்ப்பாளர் அந்தப் பக்கம் போனதும் போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, இன்னிக்கு ஒரு நாளாவது எதையும் ஒரே வரியில பண்ணாம இருங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

“நான் என்ன பண்ணிட்டேன் இப்ப?”

“எங்கப்பாவைக் கேளுங்க, சொல்லுவார்.”

போன வருடம் குடும்பப் புகைப்படங்களுக்கெல்லாம் ஒரே வரியில் வரிசையாகப் பெயர் வைத்தார் ஒருவரியார். அதில் பல படங்களுக்கு ஒரே பெயர் விழுந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டது. மாமனார் இருந்த இடங்களிலெல்லாம் இப்போது குளியலறை டைல்ஸ் இருக்கிறது. மாமனார் நல்லபடியாகத்தான் இருக்கிறார், படத்தில்தான் இல்லை.

“அக்கா வீட்டுக்காரருக்கு ரூம் கிடைச்ச நாள்லேர்ந்து அவ அந்தக் கதவையே போட்டோ எடுத்து அனுப்பிட்டிருக்கா,” என்றாள் மனைவி. “மூடின கதவு, திறந்த கதவு, பாதி திறந்த கதவு. நானும் ஒரே ஒரு கதவு அனுப்பணுங்க. கெடுத்துடாதீங்க.”

“சாயங்காலம் அனுப்பறேன் பாரு,” என்றார் ஒருவரியார். சகலையின் கதவு பல நாளாக அவர் தொண்டையிலும் அடைத்துக்கொண்டுதான் இருந்தது. போனை வைத்துவிட்டு விரல்களைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அடித்தார்.

perl -ni -e 'print if /\S/' kaiyedu.txt

யாரோ கோபத்தில் கீபோர்டின் மேல் முழங்கையை ஊன்றியது போல இருந்தாலும் அர்த்தம் எளிதுதான். எழுத்து இருக்கிற வரியை வைத்துக்கொள், இல்லாததை எறி. நடுவே ‘-ni’யில் அந்த ஐ (i) இருக்கிறதே, அது பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதிவிடும். ஐக்குப் பக்கத்தில் இன்னும் நாலே எழுத்துச் சேர்த்தால் பழையதும் பத்திரமாக இருக்கும். அந்த நாலு எழுத்தைச் சேர்ப்பது தன்னம்பிக்கை இல்லாதவர்கள் வேலை என்பது ஒருவரியாரின் கொள்கை.

வெற்று வரிகள் போயின. எல்லா வெற்று வரிகளும் போயின. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே வேண்டுமென்றே விட்டிருந்த இடைவெளிகளும் சேர்ந்து போயின. துவைப்பது, பிழிவது, மெஷினைச் சுத்தம் செய்வது, எச்சரிக்கை, உத்தரவாதம் எல்லாம் ஒரே கும்பலாக நின்றன.

“முடிஞ்சுதா சார்?” மொழிபெயர்ப்பாளர் தன் இடத்திலிருந்தே கேட்டார்.

“முடிஞ்ச மாதிரிதான். கொஞ்சம் மெருகு போடறேன்.”

எது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை, அவ்வளவுதானே? வரிகளுக்கு எண் போட்டால் தானாகப் புரிந்துவிடும். அதற்கும் ஒரு வரி இருந்தது. எண்கள் சிப்பாய்கள் போல வந்து நின்றன. தலைப்புக்கும் எண், எச்சரிக்கைக்கும் எண், கம்பெனி முகவரிக்கும் எண். துணியைப் போடு, சோப்புத் தூளைப் போடு என்று ஒழுங்காக வந்த செய்முறையில் அடுத்த கட்டமாக, ‘உத்தரவாதம் ரத்தாகும்’ என்று இருந்தது. அதற்கடுத்த கட்டம் ‘மின்சாரம் தாக்கலாம்’.

வாங்குகிறவர் நேர்மையானவராக இருந்து, ஒன்றுவிடாமல் செய்துபார்த்தால்? ஒருவரியாருக்கு முதுகில் லேசாக வேர்த்தது.

“எண்ணை எடுத்துடலாம்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எண்களை நீக்குவதற்கு இருப்பதிலேயே அழகான வரி அவரிடம் இருந்தது. கீபோர்டில் விரல்கள் ஓடின.

எண்களெல்லாம் போய்விட்டன. இந்த முறையும் எல்லாம் போய்விட்டன. ‘கிலோ துணியை டிகிரி வெந்நீரில் நிமிடம் துவைக்கவும்’ என்றது கையேடு. ‘சந்தேகம் இருந்தால் இந்த எண்ணை அழைக்கவும்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே எந்த எண்ணும் இல்லை.

படக்காரர் தண்ணீர் பாட்டிலோடு அந்தப் பக்கம் வந்தார். “என்ன சார், முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்லையே. வெயில்.”

“ஏசி ஓடுதே சார்.”

“வர்றப்ப அடிச்ச வெயில். இப்பத்தான் தெரியுது.”

படக்காரர் திரையை ஒரு பார்வை பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியமும் இல்லை, வருத்தமும் இல்லை. கழுத்தில் தொங்கிய பென் டிரைவை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது எண்கள் வேண்டும். எத்தனை கிலோ, எத்தனை டிகிரி? போன வருடத்து மாடலின் கையேடு அதே கோப்புறையில் இருந்தது. அதில் எண்களெல்லாம் இருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு முறை வருகிற வரிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் தீர்ந்தது விஷயம். இதற்கு ஒரு வரி உண்டு என்று சொல்லவும் வேண்டுமா?

‘பொத்தானை அழுத்தவும்’ என்ற வரி கையேட்டில் பல இடங்களில் வந்தது. மெஷினை ஓட்டுவதற்கு அழுத்த வேண்டும், நிறுத்துவதற்கும் அழுத்த வேண்டும். இனி ஒரே ஒரு முறைதான். ஓடத் தொடங்கிய மெஷினை நிறுத்த இந்தக் கையேட்டில் வழி கிடையாது. கதவையும் ஒரே ஒரு முறைதான் திறக்கலாம். துணியைப் போடுவதற்குத் திறந்தாகிவிட்டது, எடுக்க வேண்டுமென்றால் அது அவரவர் சாமர்த்தியம். போதாக்குறைக்குப் பழைய மெஷினுக்கு மேலே மூடி, புது மெஷினுக்கு முன்னால் கதவு. இரண்டும் உள்ள மெஷினை உலகத்தில் இதுவரை யாரும் செய்யவில்லை.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

ஒருவரியாருக்கு உண்மையாகவே பயம் வந்தது. அந்தக் கதவும் அந்தப் பெயர்ப் பலகையும் கண்முன்னே கரைந்தன. ராத்திரி வீட்டுக்குப் போனால் மனைவி ஒன்றும் கேட்க மாட்டாள். ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்து வைப்பாள். அதைத் தாங்க முடியாது.

நிதானமாக உட்கார்ந்து கையால் திருத்தியிருந்தால்கூட ஒருவேளை முடிந்திருக்கும். ஆனால் கையால் திருத்துவதா? அவரா? வரிகளை அகர வரிசையில் அடுக்கினால் ஒரே மாதிரி வரிகள் பக்கத்தில் பக்கத்தில் வரும், பழையது எது புதியது எது என்று பிரித்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். அவசரத்தில் கோப்பின் பெயரை முழுக்க அடிக்கப் பொறுமையில்லை. பெயருக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு, ஐயையும் மறக்காமல் சேர்த்து, எண்டரைத் தட்டினார்.

நட்சத்திரக் குறிக்கு ‘இங்கே இருக்கிற எல்லாம்’ என்று அர்த்தம் என்பது எண்டரைத் தட்டிய அதே விநாடியில் அவருக்கு ஞாபகம் வந்தது.

திரையில் அலுவலகத்தின் மொத்த உழைப்பும் அகர வரிசையில் ஓடியது. ‘அணைக்கவும்’ என்பதுதான் எல்லாச் சாமான்களுக்கும் முதல் கட்டம். அடுத்தது, ‘அயர்ன் பாக்ஸைச் சூடாக்கவும்’. கொஞ்சம் கீழே, ‘இதில் காய்கறிகளை வைக்கலாம்’. அதற்கும் கீழே, ‘கதவை மூடவும்’ என்று சொல்லிவிட்டு, ‘துணியைப் போடவும்’ என்றது. ‘வாங்கியதற்கு நன்றி’ மட்டும் எப்படியோ சரியாகக் கடைசியில் வந்தது.

கோப்பைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. அடுத்ததைத் திறந்தார். அதிலும் இல்லை. அயர்ன் பாக்ஸ் காலி, ஃபிரிட்ஜ் காலி, மிக்ஸி காலி. எல்லாம் திரையில் ஓடியதோடு சரி, கோப்பில் எதுவும் தங்கவில்லை. காலையில் கேட்டது என்ன? வெற்று வரிகளை நீக்க வேண்டும் என்பதுதானே? இப்போது அந்தக் கோப்பில் ஒரு வெற்று வரிகூடக் கிடையாது.

ஒருவரியார் எழுந்தார். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. நேராக மேனேஜர் அம்மாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

“மேடம், அந்த வாஷிங் மெஷின் கையேடு...”

“ஏன், அதுக்கு என்ன? அச்சகத்துக்குப் போயாச்சே.”

“போயாச்சா?”

“காலையிலேயே போயாச்சு. மாதிரி அச்சுகூட வந்துடுச்சு, பாருங்க.” மேனேஜர் அம்மா இரண்டு தாள்களை நீட்டினார்.

பார்த்தார். இடைவெளிகள் இருந்தன, எண்கள் இருந்தன, பொத்தான் வேண்டிய இடத்திலெல்லாம் அழுத்தப்பட்டது. மெஷின் ஓடியது, நின்றது, கதவும் திறந்தது.

“மேடம், ஆனா நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் அப்புறம் வேற என்னென்னவோ...”

“சொல்லாதீங்க,” என்றார் மேனேஜர் அம்மா அவசரமாக. “இன்னும் அரை மணி நேரம்தான். எதையும் சொல்லவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம். கையைக் கட்டிட்டு இப்படி உக்காருங்க. வேணும்னா ஒரு டீ சொல்லட்டுமா?”

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் வந்த மொழிபெயர்ப்பாளரிடம் தயங்கித் தயங்கி, “கையேடு ரொம்ப நல்லா வந்திருக்கே?” என்று ஆழம் பார்த்தார்.

“ஆமா சார். நான்தான் சொன்னேனே, பத்து நிமிஷ வேலைன்னு.”

ஒருவரியாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதல் வரியிலேயே வேலை முடிந்திருக்கிறது! அந்தக் கோப்பைத்தான் இந்தப் பெண் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பென் டிரைவைச் சொருகியது வரியை அடிப்பதற்கு முன்னாலா பின்னாலா என்ற அற்ப விஷயத்தில் அவர் மனம் நிற்கவில்லை. அதற்கப்புறம் தான் செய்ததெல்லாம் வீண் மெனக்கெடல். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பாவம், பெருந்தன்மையாகப் பத்து என்கிறாள்.

தன் இடத்துக்குத் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோப்புறையைத் திறந்து பார்த்தார். எல்லாக் கையேடுகளும் பழையபடி நிரம்பி இருந்தன. படக்காரர் பென் டிரைவைச் சட்டைக்குள் போட்டபடி அங்கிருந்து நகர்ந்துகொண்டிருந்தார். காலியான கோப்பு கொஞ்ச நேரம் விட்டால் தானாக நிரம்பிவிடும் போலிருக்கிறது என்று ஒருவரியார் நினைத்துக்கொண்டார். பெர்லைப் பற்றி அவருக்கு இருந்த மரியாதை இன்னும் ஒரு படி ஏறியது.

நான்கு மணிக்கு மேனேஜர் அம்மா எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து அறிவித்தார். “நம்ம பிரிவோட புதுத் தலைவர், உங்க எல்லாருக்கும் தெரிஞ்சவர்தான்.”

அவர் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை, கைதட்டல் காதைப் பிளந்தது. படக்காரர் விசிலே அடித்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாட்ச்மேன் வாசலை விட்டுவிட்டு உள்ளே வந்து கையைக் குலுக்கினார்.

“இப்பவே ரூமுக்குப் போயிடுங்க சார்,” என்றார் படக்காரர். “நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க.”

“ஆமா சார், இப்பவே,” என்று மூன்று நான்கு குரல்கள் சேர்ந்து சொன்னன.

“ஒரு வார்த்தை பேசறேனே?” என்றார் ஒருவரியார். “இந்த அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்னு தெரியலை. ஒண்ணு மட்டும் சொல்றேன். தலைவரா ஆயிட்டேன்னு கைகட்டி உக்கார மாட்டேன். உங்க எல்லாரோட ஃபைலையும் இனிமே நானே பார்த்துப் பார்த்து...”

“சார், டீ ஆறுது,” என்றார் மேனேஜர் அம்மா.

டீயைக் குடித்துவிட்டு, கதவைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார். பளபளக்கும் பலகையில் அவர் பெயர் இருந்தது. மனைவியிடமிருந்து உடனே பதில் வந்தது: ‘இன்னும் கொஞ்சம் கிட்டக்கப் போய் எடுங்க. அக்காவுக்குக் கண்ணாடி மாத்தணுமாம்.’ வாழ்க்கையில் அவருக்கு இவ்வளவு சந்தோஷமான நாள் வந்ததில்லை.

பிறகு தன் கம்ப்யூட்டரைத் தானே தூக்கிக்கொண்டு அறைக்குக் கிளம்பினார். உதவிக்கு யாரும் வரவில்லை. அவர் அதைத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டதும் எல்லோரும் அவசரமாக எங்கோ பார்த்தார்கள். பெட்டியை நெஞ்சோடு அணைத்து, கீபோர்டின் வயரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, காலால் கதவைத் தள்ளினார். நல்ல அறை. பெரிய ஜன்னல், பெரிய மேஜை, மேஜை மேல் ஒரு பேனாத் தாங்கி. எலக்ட்ரீஷியன் மூலையில் குந்தியபடி சுவரில் ஒரு வெள்ளைத் தகட்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“வேலை ஆச்சா? இதை எந்த பிளக்ல போடறது?” என்றார் ஒருவரியார், மூச்சு வாங்கிக்கொண்டு.

எலக்ட்ரீஷியன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பிளக்கா? இருந்த மூணையும் பிடுங்கி மூடியாச்சு சார். யாரோ ஒருத்தர் தொட்ட ஃபைலையெல்லாம் தொலைச்சுடறாராம், கம்ப்யூட்டர்கிட்டேர்ந்து அவரைப் பிரிக்க வேற வழியே தெரியாம எல்லாருமா சேர்ந்து தலைவராக்கிட்டாங்களாம். அவர் வர்றதுக்குள்ள முடிக்கணும், அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க சார்.”